பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ்

ஜோசஃபின்: ஒண்ணுமில்ல அண்ணி, கண்ணாடிதான். பவர் ஏறிடுச்சாம்.

சாந்தமேரி: கண்ணாடிக்கா உள்ள அவ்வளவு நேரம்? நான் வெளிய உட்கார்ந்து ஒரு ஜெபமாலையே முடிச்சிட்டேன் லா.

ஜோசஃபின்: சொட்டு மருந்து போட்டாங்க... அது வேலை செய்ய நேரமாகும்ல.

சாந்தமேரி: இப்ப என் மூஞ்சி தெரியுதா?

ஜோசஃபின்: கிட்டத்துல எல்லாமே கலங்கலா இருக்கு. சாயந்திரம் சரியாயிடும்னு நர்ஸ் மிஸ்ஸி சொன்னாங்க.

சாந்தமேரி: நல்லதுதான். நாத்தனாருக்கு வயசானது உன் கண்ணுக்குத் தெரியாது.

ஜோசஃபின்: போலாம் அண்ணி. பஸ் மினியில கூட்டம் வந்துடும்.

சாந்தமேரி: இரு. போன ஞாயித்துக்கிழமை சர்ச்ல மயங்கி விழுந்த. கிளினிக் டாக்டர் எங்களை வெளிய அனுப்பிட்டு உன்கிட்ட மட்டும் பேசினாரு. இப்ப கண்ணு டாக்டர். மாசமா இருக்கிறவ மயங்கி விழுந்தா கண்ணு டாக்டர்கிட்டயா அனுப்புவாங்க?

ஜோசஃபின்: அது... ரத்தம் கம்மியா இருக்குன்னு...

சாந்தமேரி: கண்ணுலயா?

ஜோசஃபின்: விடுங்க அண்ணி.

சாந்தமேரி: ஜோசி... கண்ணு முன்னால கறுப்பா ஏதாச்சும் மிதக்குதா? நூல் நூலா?

ஜோசஃபின்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

சாந்தமேரி: கிள்ளான்ல எங்க வீட்டுப் பக்கம் ஒரு பொம்பளை சொல்லிட்டிருந்தா. உனக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி இருக்கா?

ஜோசஃபின்: மெல்லப் பேசுங்க! அந்த ஆன்டி திரும்பிப் பார்க்கிறாங்க.

சாந்தமேரி: பார்க்கட்டும். எப்பலேர்ந்து? இந்தப் பிள்ளை தங்கின பிறகா?

ஜோசஃபின்: இல்ல... ஸ்கூல் படிக்கும்போதே.

சாந்தமேரி: மாத்திரையா, ஊசியா?

ஜோசஃபின்: ஊசி. தினமும்.

சாந்தமேரி: எங்க வெச்சிருக்க? நேத்து ஃபிரிட்ஜ் முழுக்க நான்தானே துடைச்சேன். ஒண்ணும் கையில படலையே.

ஜோசஃபின்: நம்ம வீட்டுல இல்ல. பக்கத்து வீட்டுல... சீதாலெட்சுமி அக்கா ஃபிரிட்ஜ்ல.

சாந்தமேரி: அடிப்பாவி! அதான் தினம் காலையில கறிவேப்பிலை கேட்கப் போறியா?

ஜோசஃபின்: ம்...

சாந்தமேரி: ரொட்டி தின்ற நாள்லயும் கறிவேப்பிலை! "மருமகளுக்கு மசக்கையில கறிவேப்பிலை மேல ஆசை"ன்னு அம்மா கிள்ளானுக்கு போன் போட்டுப் பெருமையா சொன்னாங்க.

ஜோசஃபின்: சிரிக்காதீங்க அண்ணி.

சாந்தமேரி: சிரிக்கல... அன்னைக்கு ஞாயித்துக்கிழமையும் ஊசி போட்டியா?

ஜோசஃபின்: போட்டேன். அப்புறம் ரெண்டு பிஸ்கட் எடுத்தேன். அத்தை பார்த்துட்டாங்க. கையில இருந்து வாங்கி டின்லயே போட்டுட்டாங்க. பூசையில நன்மை அப்பம் வாங்கப் போறவ ராத்திரியிலேர்ந்து பச்சத்தண்ணிகூட குடிக்கக்கூடாதுன்னாங்க.

சாந்தமேரி: ஒரு மணி நேரம் சாப்பிடாம இருந்தா போதும்னு ஃபாதரும் சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டாரு. அம்மாவுக்கு அவங்க சின்னப் பிள்ளையில படிச்சதுதான் சட்டம். நீ வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?

ஜோசஃபின்: என்னன்னு சொல்ல? ஊசி போட்டுட்டேன், சாப்பிடலன்னா விழுந்துடுவேன்னா? சொல்றதுக்கு விழறதே தேவலன்னு தோணிச்சு.

சாந்தமேரி: வயித்துல ஒரு உசுரை வெச்சுக்கிட்டு...

ஜோசஃபின்: தெரியும் அண்ணி! அதை நினைச்சாதான் கூசுது. எந்தத் தாய் இப்படிப் பண்ணுவா? ... பொண்ணு பார்க்க வந்தப்ப அத்தை எனக்கு ஜிலேபி ஊட்டினாங்களே, ஞாபகம் இருக்கா? எங்க அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. நான் சிரிச்சுக்கிட்டே முழுங்கினேன். அன்னையிலேர்ந்து முழுங்கிட்டேதான் இருக்கேன்.

சாந்தமேரி: உள்ள டாக்டர் என்ன சொன்னாரு? முழுசா சொல்லு.

ஜோசஃபின்: கண்ணுக்குள்ள இருக்கிற சின்னச் சின்ன ரத்தக் குழாயெல்லாம் வீங்கிப் போச்சாம். சிலது கசியுதாம். மாசமா இருக்கும்போது அது வேகமா மோசமாகுமாம்.

சாந்தமேரி: கண்ணு மட்டுமா?

ஜோசஃபின்: இல்ல... கிட்னி, அப்புறம் பிள்ளைக்கு ரத்தம் போற குழாய்... எல்லாத்தையும் பார்க்கணுமாம். பிரஷர் வேற ஏறியிருக்காம்.

சாந்தமேரி: வைத்தியம்?

ஜோசஃபின்: லேசர் அடிக்கணுமாம். இப்பவே அடிச்சா பார்வையைக் காப்பாத்தலாமாம். வார்டுல படுத்து, சீனியையும் கட்டுக்குள்ள கொண்டு வரணுமாம்... வீட்டுக்காரரை உடனே வரச் சொல்லுன்னாரு.

சாந்தமேரி: இவ்வளவையும் கேட்டுட்டு வந்து பஸ் ஏறலாம்ங்கிற?

ஜோசஃபின்: பிள்ளை பொறந்த பிறகு பார்த்துக்கலாம் அண்ணி. கால்ல வேணும்னாலும் விழறேன். வீட்டுல சொல்லிடாதீங்க.

சாந்தமேரி: அதுக்குள்ள கண்ணு போயிடும்.

ஜோசஃபின்: மருந்து போடறதுக்கு முன்னால எனக்கு நல்லாத்தானே தெரிஞ்சிச்சு?

சாந்தமேரி: நல்லாத்தான் தெரியும். ஒரு நாள் காலையில எழுந்து பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்காருவ. பிள்ளை மூஞ்சி மேல சிவப்பா திரை விழுந்த மாதிரி இருக்கும். தண்ணி விட்டுக் கழுவுவ. போகாது.

ஜோசஃபின்: பயமுறுத்தாதீங்க...

சாந்தமேரி: தம்பி லியனார்டுக்கு போன் போடு. வாசல் பக்கம் பப்ளிக் போன் இருக்கும்.

ஜோசஃபின்: ஃபேக்டரிக்கா? ஏமாத்திக் கட்டிக்கிட்டியான்னு கேட்டா?

சாந்தமேரி: கேட்பான். கத்துவான். கத்திக்கிட்டே பெட்டாலிங் ஜெயாவிலேர்ந்து மோட்டார்ல பறந்து வந்து உன் பக்கத்துல உட்காருவான். நான் தூக்கி வளர்த்த பிள்ளை, எனக்குத் தெரியாதா?

ஜோசஃபின்: அத்தை? சீக்காளிப் பொண்ணைத் தலையில கட்டிட்டாங்கன்னு சொல்வாங்களே...

சாந்தமேரி: அம்மாவை என்கிட்ட விடு. பிஸ்கட் பிடுங்கின கதையை முதல்ல எடுத்து விடறேன். அப்புறம் வாயைத் திறக்கிறாங்களான்னு பார்ப்போம்.

ஜோசஃபின்: சரி.

சாந்தமேரி: சரின்னா எழுந்திரு. என் கையைப் பிடிச்சுக்கோ... மெல்ல, படி இருக்கு. இதான் போன். இந்தா, பத்துக் காசு.

ஜோசஃபின்: நீங்களே போடுங்க அண்ணி. எனக்கு பட்டன்ல இருக்கிற நம்பர் ஒண்ணும் தெரியல.

சாந்தமேரி: நீயே போடு.

ஜோசஃபின்: வேற யாருக்காவது போயிடும். நம்பரை நான் வாயால சொல்றேன், நீங்க அமுக்குங்க. ஏழு...

சாந்தமேரி: அந்த மிஸ்ஸியைக் கூப்பிடு.

ஜோசஃபின்: ஒரு போன் போடறதுக்கு மிஸ்ஸியா? உங்களுக்கும் அவர்கிட்டப் பேச பயமா?

சாந்தமேரி: பயமில்ல.

ஜோசஃபின்: பின்ன? பெருசா எனக்கு தைரியம் சொன்னீங்க... அண்ணி? அழறீங்களா? அண்ணி, என்னாச்சு?

சாந்தமேரி: எனக்கும் நம்பர் தெரியல ஜோசி. எனக்கும் இதே வியாதிதான்... கடைசிப் பொண்ணு பொறந்ததும் இடது கண்ணு போச்சு, இப்ப வலதும் மங்குது. வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வான்னு என்கிட்டயும்தான் டாக்டர் சொன்னாரு. வெக்கப்பட்டுக்கிட்டு நான் கூப்பிடல. இன்னைக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது.