புட்டுக்கு முந்தின நாள்

ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை எட்டே முக்கால். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் போகும் மின்சார ரயிலில் இருந்தேன். பொன்னேரியில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் மூத்தவர் சொன்னார்: "உங்கண்ணன நான்தான் புட்டு குடுத்துக் கொன்னுட்டேன் லட்சுமி."

இளையவர் அவருடைய நாத்தனார். "சுறா புட்டு துன்னவங்கல்லாம் செத்தா பழவேற்காட்டுல ஒரு ஆளு இருக்க மாட்டான் அண்ணி."

"ஆபரேஷன் காயம் சீக்கிரம் ஆறட்டும்னுதான், ஆஸ்பத்திரிக்குத் தெரியாம எடுத்துகினு போனேன்."

"டாக்டரு இன்னா சொன்னாரு? நெஞ்சுலேர்ந்து வயித்துக்கு எறங்குற பெரிய ரத்தக்குழாய ஆபரேஷன் பண்ணும்போது, மேல்வயித்துல இருக்குற கணையத்துக்கு ரத்தம் சரியாப் போவல, அதான் வீங்கிப்போச்சுன்னாரு. புட்டால வரலன்னு அவரே சொன்னாரே."

ரயில் மீஞ்சூரைத் தாண்டியதும் மூத்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"புட்டு குடுத்தது வெள்ளிக்கிழமை மத்தியானம். வியாழக்கிழமையே அவருக்கு வலி வந்துடுச்சு. மேல்வயிறு நோவுது, முதுகு வரைக்கும் இழுக்குதுன்னாரு. நாலு நாளா வெறும் கஞ்சித்தண்ணி, பசியா இருக்கும்னு நெனச்சேன். நர்சுகிட்ட சொன்னா அதையும் நிறுத்திடுவாங்க, கம்முனு இருன்னேன்."

"அண்ணன் இன்னா சொல்லுச்சு?"

"வெள்ளிக்கிழமை காலைல டாக்டரு வந்து, எங்கனா வலி இருக்கான்னு கேட்டாரு. உங்கண்ணன் என் மூஞ்சியப் பாத்தாரு. பாத்துட்டு, இல்ல சார்னாரு."