பலாலித் தராசு

மல்வேர்னிலிருந்து ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் பஸ்ஸில், என் முன் சீற்றில் வயதான கணவனும் மனைவியும் இருந்தார்கள்.

“அந்த நாளையிலை பலாலியிலை பிளேன் ஏற முதல் ஆளையும் தராசிலை ஏத்தி நிறை பாத்தவங்கள்,” என்றார் அவர்.

“ஆளை என்னத்துக்கு?”

“செட்டையிலை காத்தாடி சுத்திற சின்னப் பிளேன். பாரம் கூடினா எழும்பாது. திருச்சிக்குப் படிக்கப் போகேக்கை, பெட்டி கனத்திடுமெண்டு அம்மா மூண்டு சேட்டுகளை ஒண்டுக்கு மேலை ஒண்டாய் எனக்குப் போட்டுவிட்டவ. ஆளையும் நிறுப்பாங்களெண்டு அவவுக்குத் தெரியாது.”

“பிறகு?”

“எல்லாருக்கும் முன்னாலை ரண்டைக் கழட்டுவிச்சாங்கள்.”

மனைவி சிரிக்கவில்லை. கணவருடைய கோட்டுக்குள் எட்டிப் பார்த்த இரண்டாவது ஸ்வெற்றரை உள்ளே தள்ளிப் பொத்தானைப் பூட்டினார்.

“இண்டைக்கும் நிறை குறைஞ்சிருந்தா கீமோவை நிப்பாட்டிறதெண்டு டொக்டர் சொன்னவர். மறந்துபோகாதேங்கோ.”

“நேர்ஸ் கழட்டச் சொன்னா?”

“குளிருதெண்டு சொல்லுங்கோ.”

அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இறங்குவதற்கு மணிக்கயிற்றை இழுத்தார்.

“இந்த ஜூலை வெயிலிலையோ?”