மின்னலுக்கு ஒரு தராசு, பால்வண்டிக்கு ஒரு தராசா?

பேரவைக்குத் தலைமை ஏற்றுப் பெருமையோடு வீற்றிருக்கும் விளையாட்டுக் கழகத் தலைவர் அவர்களே, நான் பேசத் தொடங்கும் முன்பே எப்போது முடிப்பான் என்று கைக்கடிகாரத்தைக் கலந்தாலோசிக்கும் செயலாளர் அவர்களே, வெற்றியையும் தோல்வியையும் பார்த்துப் பார்த்தே தலை வெளுத்த பெரியோர்களே, பிள்ளைகளின் காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டி மைதானத்துக்கு அனுப்பி வைத்த தாய்மார்களே, அந்தக் காலணியோடு வந்து அமர்ந்திருக்கும் இளைஞர்களே, முதல் வரிசையில் முகம் கவிழ்ந்திருக்கும் ஓட்டவீரனே, உங்கள் அனைவருக்கும் என் மாலை வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். முகம் தெரியாதவர்களுக்கும் குரல் தெரியும். இந்த மைதானத்தின் அறிவிப்பாளன் நான். வள்ளல்கள் பொருளை வாரி வழங்குவார்கள். நான் வார்த்தையை வாரி வழங்கினேன். முதலில் வந்தவனைப் புயல் என்பேன், மூன்றாவதாக வந்தவனை முத்து என்பேன், கடைசியில் மூச்சு வாங்கி வந்தவனைச் சளைக்காத சிங்கம் என்பேன். பின்வரிசையில் ஒருவர் சிரிக்கிறார். அந்தச் சிங்கம் அவர்தான்.

இதையெல்லாம் நம்பாத ஒரே ஒருத்தி என் வீட்டில் இருந்தாள், என் மனைவி. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. பந்தய நாளில் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டே என் குரலைக் கேட்பாள். நான் வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றுவதற்குள் விமர்சனம் வந்துவிடும். "ஏங்க, கடைசியா வந்தவன சிங்கம்னு சொன்னீங்களே, அது சிங்கத்துக்குத் தெரியுமா?" என்பாள். "உங்களுக்குத் தொண்டை பெருசு, மத்ததெல்லாம் சிறுசு" என்பாள். ஊரே கைதட்டிய பேச்சை அவள் ஒருத்தி சிரித்தே கரைத்துவிடுவாள். அதற்காகவே நான் விரைந்து வீட்டுக்குப் போவேன்.

அவள் எப்படிப் போனாள் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்ததையே திரும்பச் சொல்வது தேவையா என்று சிலர் நினைக்கலாம். தேவைதான் ஐயா, ஏனென்றால் இந்த ஊரில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதற்கு முந்தின நாள், இதோ முன்வரிசையில் இருக்கும் இந்தத் தம்பி பெரும் பந்தயத்தில் வென்றான். விருந்து விடிய விடிய நடந்தது. அவனைத் தோளில் தூக்கிக் கொண்டாட அத்தனை பேர் இருந்தார்கள். அவன் கையிலிருந்த கார்ச் சாவியைப் பிடுங்கிக்கொள்ள ஒருவர் இல்லை. வெயில் ஏறிய வீதியில், குடித்த கையோடு காரை ஓட்டி வந்தான். சைக்கிளில் வேலைக்குப் போனவள் வேலைக்குப் போய்ச் சேரவில்லை.

வழக்கு நடந்தது. அவன் தரப்பு வழக்கறிஞர் எழுந்தார், வாதாடினார், வரிசையாகப் பதக்கங்களை எடுத்து வைத்தார். அதன்பிறகு ஓர் ஒலிப்பதிவைப் போட்டார். "இதோ வருகிறார் நம் ஊரின் உயிர்மூச்சு, ஒழுக்கத்தின் உறைவிடம், உங்கள் வீட்டுப் பிள்ளை, எங்கள் வீட்டுப் பிள்ளை, மின்னல்" என்று முழங்கியது ஒரு குரல். யாருடைய குரல்? என் குரல். மின்னல் என்ற பட்டப்பெயரையே அவனுக்குச் சூட்டியவன் நான்தானே. "இறந்தவரின் கணவரே இவரைப் பற்றி இப்படிச் சொல்லியிருக்கிறார்" என்றார் வழக்கறிஞர். அந்த அறையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அவள் இருந்திருந்தால் சிரித்திருப்பாள்.

நான் எழுந்தேன். "ஐயா, அது எல்லாருக்கும் சொல்றதுங்க" என்றேன். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். எழுபது பேருக்குப் பூசிய சந்தனத்தை ஒருவனுடைய நற்சான்றாக எடுத்துக்கொண்டார்கள். ஒலிபெருக்கியில் உரக்கச் சொன்னது உண்மையாகிவிட்டது. நேரில் நின்று மெல்லச் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. தீர்ப்பு வந்தது. இளம் வீரர், எதிர்காலம் உள்ளவர், சிறை இவருடைய கால்களை முடக்கிவிடும் என்றார்கள். சிறை இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு விளையாட்டுச் சம்மேளனம் மட்டும், இரண்டு ஆண்டு போட்டிகளில் ஓடக் கூடாது என்று ஒரு தடை போட்டது.

தீர்ப்பு வந்த அன்று என் பக்கத்தில், அதே பெஞ்சில், ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் கணவர் பால்வண்டி ஓட்டுநர். அவரும் குடித்துவிட்டு வண்டி ஓட்டினார், அவர் வண்டியிலும் ஓர் உயிர் போனது. அதே அறை, அதே நீதிபதி, அதே காலை. "என்னம்மா தீர்ப்பு?" என்று கேட்டேன். "ஏழு வருஷம்ணே" என்றார். அழுது முடித்த முகம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அவர் குடிச்சது தப்புதாண்ணே, நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவரப் பத்தி மைக்ல யாரும் எதுவும் சொன்னதில்லையே."

அவையோரே, அந்த அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்? ஓடத் தெரிந்த காலுக்கு ஒரு நீதி, கிளட்சை மிதித்த காலுக்கு ஒரு நீதியா? பதக்கம் தொங்கும் கழுத்தென்றால் சட்டத்தின் கை எட்டாதா? வீரனுக்கு எதிர்காலம் இருக்கிறதாம், ஒப்புக்கொள்கிறேன். ஓட்டுநரின் பிள்ளைகளுக்கு எதிர்காலம் இல்லையா? சைக்கிளில் போனவளுக்கு அன்று மாலை என்றொரு எதிர்காலம் இருந்ததே, அதை எந்தத் தட்டில் வைத்து நிறுத்தார்கள்? வேண்டாம், கைதட்ட வேண்டாம். கைதட்டலில்தான் இவ்வளவும் தொடங்கியது.

"அவனும் வாழணும்லண்ணே" என்கிறார் நடுவரிசையில் ஒரு சகோதரி. வாழட்டும் தாயே. அவன் சாக வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அவன் திறமை பெரிது. அதைத் திசையெங்கும் சொன்னவனே நான்தான். ஆனால் திறமைக்குப் பரிசு மைதானத்தில் கொடுத்தாயிற்று. நீதிமன்றத்திலும் ஒருமுறை கொடுக்க வேண்டுமா? பயிற்சியும் பாலும் பாராட்டும் ஊர் கொடுத்தது. அவ்வளவு கொடுத்த ஊர் அவனிடம் கொஞ்சம் கூடுதலாகத்தானே எதிர்பார்க்க வேண்டும்? குறைவாகவா?

போன வாரம் நம் செயலாளர் என் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, கேஸ் முடிஞ்சுபோச்சு. அந்தத் தடைய மட்டும் எடுக்கச் சொல்லி ஒரு தீர்மானம் போடுறோம். நீங்க முன்மொழிஞ்சீங்கன்னா மேல யாரும் மறுக்க மாட்டாங்க. ஊருக்காக ஒரு வார்த்தைண்ணே" என்றார். நல்ல மனிதர். நான் போட்டுக்கொடுத்த தேநீரில் சர்க்கரை இல்லை, அதைக்கூடச் சொல்லாமல் குடித்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தைதானே என்று நினைத்தார். வார்த்தைக்கா எனக்குப் பஞ்சம்?

பஞ்சம்தான், பெரியோர்களே. வீட்டில் பேச ஆளில்லை. மாலையில் கதவைச் சாத்தினால் மறுநாள் ரொட்டிக்கடையில்தான் வாயைத் திறக்கிறேன். இந்த ஊரிலேயே பெரிய தொண்டை, முதல் வார்த்தைக்குக் கரகரக்கிறது. முடிவெட்டும் கடைக்குள் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. அதுவரை யாரைப் பற்றிப் பேசினார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். பந்தயம் ஒலிபரப்பாகும் நாளில் பக்கத்து வீட்டில் வானொலியைக் குறைத்து வைக்கிறார்கள். இரக்கம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் எனக்காக மௌனமாக இருக்கிறார்கள், ஒருவரும் என்னோடு பேசுவதில்லை. இத்தனை அன்பான ஊரில் இவ்வளவு தனியாக ஒருவன் இருக்க முடியும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்புகிறார். முடிக்கிறேன் ஐயா.

தம்பி, கொஞ்சம் நிமிர்ந்து பார். உன்னை வெறுக்கும் தெம்பு எனக்கில்லை. அந்த ஓட்டுநருக்குக் கிடைத்தது உனக்கும் கிடைத்திருந்தால், என்றாவது ஒரு நாள் நீ அதை முடித்துக்கொண்டு வெளியே வந்திருப்பாய். ஊரில் யார் வந்தாலும் வராவிட்டாலும் நான் சிறை வாசலுக்கு வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். உன்னையும் என்னையும் போல அவளைப் பற்றி ஓயாமல் நினைக்கிற ஆள் வேறு யார் இருக்கிறார்கள்? இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியிருக்கலாம். தண்டனை முடிகிற இடத்தில்தான் மன்னிப்பு தொடங்கும். தொடங்காத ஒன்றை நான் எங்கே போய் முடிப்பேன்? அந்த வாசலை என்னிடமிருந்தும் பறித்துவிட்டார்கள். உனக்குச் சலுகை கொடுத்ததாக நினைத்து, நம் இருவரையும் வெளியே நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே அவையோரே, இந்தத் தீர்மானத்தை நான் முன்மொழியவில்லை. எதிர்த்து வாக்களிக்கவும் கேட்கவில்லை. வேறொருவர் முன்மொழிவார், ஆதரிப்பவர்கள் கை உயர்த்துவீர்கள், அது உங்கள் உரிமை. உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இங்கே ரொட்டிக்கடைக்காரர் இருக்கிறார், முடிவெட்டுபவர் இருக்கிறார், பக்கத்து வீட்டார் இருக்கிறார்கள். என் மனைவியோடு துணி மடித்த தோழிகளும் இருக்கிறீர்கள். நாளைக் காலையில் உங்கள் முகத்தில்தான் நான் விழித்தாக வேண்டும். யார் கை உயர்ந்தது என்று தெரிந்துவிட்டால், எனக்கு இந்த ஊரில் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு வணக்கங்களும் போய்விடும். அதனால் நான் இந்த மேடையிலிருந்து இறங்கி, நடுவில் நடந்து, அந்தக் கதவைத் தாண்டும்வரை யாரும் கையை உயர்த்தாதீர்கள்.

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு என் நன்றி. உயரப்போகும் கைகளுக்கும், உயராமல் மடியிலேயே இருக்கப்போகும் கைகளுக்கும் சேர்த்து, பார்க்காமலேயே சொல்கிறேன், வணக்கம்.