பேர் போடாத ஃபோல்டர்

— பேரே இல்லாம ஒரு ஃபோல்டர், டிஸ்க்ல நாலு ஜிபி இடத்தை அடைச்சுண்டிருக்கு. யாரோடது ஜஹீதா?

— இன்னாக்கா, வந்ததும் வராததுமா?

— கேட்டதுக்குப் பதில் சொல்லு. மூணு எடிட்டர் ஒரே டிஸ்கை வச்சுண்டு சீரியலை ஓட்டிண்டிருக்கோம். அவாவா ஃபோல்டர்ல அவாவா பேர் போடணும்னு சொல்லியிருக்கேனோல்லியோ? நேத்து பாதி டேப் ஏத்தறச்சே இடமில்லேன்னு மிஷின் நின்னுடுத்து. வெள்ளிக்கிழமை எபிசோடு அந்தரத்துல தொங்கறது.

— கருணாகரன் சாரைக் கேட்டீங்களா?

— கேட்டாச்சு, அவரோடது இல்லையாம். ஞாயித்துக்கிழமை நீ தனியா வந்து மூணு மணி நேரம் உக்காந்திருந்தியாம். வாட்ச்மேன் நோட்டுல உன் கையெழுத்து இருக்கு.

— வாட்ச்மேனையும் வுடலியா! சிபிஐல சேந்துகினீங்களாக்கா?

— சிரிக்காதே. லீவு நாள்ல திருவல்லிக்கேணிலேர்ந்து அடையாறுக்குச் சும்மாவா பஸ் ஏறி வந்தே? தி.நகர்ல யாராத்துக் கல்யாணக் கேசட்டையோ நம்ம மிஷின்ல வெட்டிக் கொடுத்துண்டிருக்கே.

— அட போங்கக்கா. அல்லா மேல சத்தியமா இல்ல.

— அப்போ பேர் போட என்ன தயக்கம்?

— போட்டா கேப்பீங்க.

— போடலேன்னாலும்தான் கேக்கறேன். நன்னா இருக்கு! பன்னெண்டு மணிக்கு டைரக்டர் சாய்நாத் வரார். அவர்கிட்ட நான் சொல்லட்டுமா, நீயே சொல்றியா? இந்த வேலை உனக்கு வேணுமா, வேண்டாமா?

— வேணும்க்கா. வாப்பா கடைய மூடினப்புறம் வூட்ல நான் ஒருத்திதான சம்பாரிக்கறேன்.

— அப்போ வாயைத் திற.

— அது உங்களுதுக்கா.

— என்னோடதா?

— டெய்லி வூட்டுக்குக் கெளம்பறப்போ, இதையெல்லாம் அழிச்சுடுன்னு சீட்டு எழுதி வெச்சுட்டுப் போறீங்கல்ல? வேணும்ங்கற சீனும் அதுல சேந்து கீது. டேப்பு மேலயும் செவப்பு டிக் போட்டுடறீங்க. டிக் போட்ட டேப்பு மறுநாளே கேமராவுக்குப் போயிடுது, மேலயே வேற ஷூட் பண்ணிடறாங்கோ. அப்பால எங்க போய்த் தேடறது? அதான், அழிக்காம தனியா எடுத்து வெச்சிகினு இருந்தேன். ஞாயித்துக்கெழம வந்து சீன் நம்பர் போட்டு அடுக்கினேன்.

— எத்தனை நாளா?

— உங்க வூட்டுக்காரர் தவறினதுலேர்ந்து.

— பொய். போன மாசம் டைரக்டர் கேட்டப்போ கோயில் சீனை நான்தானே எடுத்துக் கொடுத்தேன்?

— உங்க ஃபோல்டருக்குள்ள அதைத் திருப்பிப் போட்டது நானு.

— ஏண்டி எங்கிட்ட சொல்லலே?

— எப்டிக்கா சொல்றது? நீங்களே அப்போ பாதி சாப்பாட்டுல டிபன் பாக்ஸை மூடி வெச்சிகினு இருந்தீங்க. யார் கையிலயும் சொல்லல. வெள்ளிக்கெழமைக்கு வேணும்னு டைரக்டர் சார் கேட்டாரே ஆஸ்பத்திரி சீனு, அதையும் போன வாரம் சீட்டுல எழுதிட்டீங்க. டேப்பு போயிடுச்சு, ஆனா சீனு பத்திரமா கீது. நவுருங்க, எடுத்துத் தரேன்.

— ஜஹீதா...

— இன்னாக்கா?

— அந்த ஃபோல்டரை அழிச்சுட்டுத்தான் உன்னைக் கேட்டேன்.