வெல்லம் போட்ட ஊசி

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். சின்னவள் சொன்னதைக் கேட்டுத்தான் போனிலிருந்து தலையைத் தூக்கினேன்.

"கன்னுக்குட்டிக்குப் போவ வேண்டிய ஊசிய நம்ம தெருவே வெல்லம் போட்டுத் துன்னுடுச்சிக்கா."

"இன்னாடி சொல்ற?"

"சீம்பாலத்தான். மாடு ஈன்ன ஒடனே கறந்து வூடு வூடா குட்த்தேன் இல்ல?"

"நானும் துன்னேன். நல்லாத்தான் இருந்திச்சி."

"அந்தக் கன்னு கோமாரி நோவுல செத்துப்போச்சே, ஏன்னு மாட்டு டாக்டரக் கேட்டேன். மாட்டுக்கு ஊசி போட்டதால அது நோவ எதுத்து நிக்கக் கத்துக்கினு கீது. அந்தத் தெம்பு சீம்பால்லதான் கன்னுக்கு எறங்குமாம். பொறந்த அன்னிக்கே குடிக்கணுமாம்."

"அப்ப கன்னுக்கு ஊசியே வாணாமா?"

"வேணும்க்கா. தாய் குட்த்த தெம்பு கொஞ்ச மாசத்துல தீந்துபூடும். அப்பறம் ஊசி போட்டா கன்னு தானே கத்துக்கும்."

"துன்ன எங்களுக்கு அந்தத் தெம்பு வருமா?"

"நமக்கு வயித்துல செரிச்சிபூடுமாம். ஒண்ணும் ஒட்டாது."

பெரியவள் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"உன் இன்னொரு மாடு எப்ப ஈனும்?"

"இந்த வாரந்தான். இந்த வாட்டி சீம்பால் கன்னுக்குத்தான். தெருவுல ஒருத்தருக்கும் கெடையாது."

"குடுக்கலன்னா தெருவே மாட்டு மேல கண்ணு வெக்கும்டி."

"வெக்கட்டும்."

"எங்க வூட்டுக்கு மட்டும் ஒரு சொம்பு குட்த்துடு. நான் கண்ணு வெக்க மாட்டேன்."