பதினாறு ஜிபி வாக்குமூலம்

— அப்புறம் எப்படி மாமா எடம் காட்டுற செவப்புக் கோடு நீலமாச்சு? திருவிழா வீடியோ எல்லாம் அப்படியே இருக்கே. ஒன்னுகூட அழியலையே.

— எடம் வந்துருச்சில்ல தாயி, அப்புறம் என்னா? காலையில போன்ல நீ என்ன சொன்ன? சி டிரைவ் ரொம்பிப்போச்சு அர்ச்சுனன் மாமா, சுருக்கி லாயருக்கு அனுப்ப எடம் பத்தல, பெருசா கெடக்குறத அழிச்சு வைங்க, மத்தியானம் வரேன்னு சொன்ன. அழிச்சு வெச்சேன்.

— பெருசா கெடக்குற திருவிழா வீடியோவன்னு சொன்னேன்லா! அஞ்சு வருசத் தீமிதி, அறுவது ஜிபி. அது இல்லாம வேற எத அழிச்சீங்க?

— ஆத்தாளப் போயி எப்படி தாயி அழிக்கிறது? கரகம் எறங்குது, சனம் பூக்குழியில நடக்குது. இந்த கம்ப்யூட்டர்ல என்னடான்னா குப்பத்தொட்டி படம் போட்டு வெச்சிருக்கான். அதுல ஆத்தாள இழுத்துப் போடவா? கண்ணாடி ஒடஞ்ச சாமி படத்தக்கூட நாம குப்பையில போடுறதில்ல, அரசமரத்தடியில கொண்டாந்து வெக்கிறோம். கோயில் தலைவர்னு பேரு வெச்சுக்கிட்டு நானே அந்தப் பாவத்தச் செய்யவா?

— சரி, சாமிய விடுங்க. எத அழிச்சீங்க?

— தனியா ஒன்னு கெடந்துச்சு. அதுவும் பெருசாத்தான் இருந்துச்சு.

— பேரு?

— இங்கிலீசுல என்னமோ போட்டிருந்துச்சு. எனக்கெங்க தெரியும்.

— மாமா, அம்மா வீடியோ எங்க?

— இரு தாயி, கதவச் சாத்திட்டு வரேன்.

— மாமா! அம்மா வீடியோ எங்கன்னு கேக்கறேன்.

— கோவப்படாத தாயி. மேல காத்தாடியப் போட்டு விடுறேன், செத்த உக்காரு.

— காத்தாடியெல்லாம் வேணாம். ரீசைக்கிள் பின்லயும் இல்லையே. அதையும் காலி பண்ணிட்டீங்களா?

— காலி பண்ணுனாத்தான் எடம் வரும்னு தைப்பூசத்தப்ப நீதானே சொல்லிக் குடுத்த.

— ஐயோ! ஐயோ மாமா!

— அழுவாத. பக்கத்து வீட்டு சசிதரன்தானே எடுத்தான், அவன் கைப்போன்ல இருக்காதா?

— அந்தப் போன நீலாய் டவுன்ல ஒரு கடையில குடுத்துட்டு அவன் புதுசு வாங்கிட்டான். அதுக்குத்தான் கோயில் லாப்டாப்ல ஏத்தி வெச்சோம். பென்டிரைவுல போட்டுப் பாத்தேன், அவ்ளோ பெரிய வீடியோ ஏறல. வேற வாங்கிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனேன். போனவ நாப்பது நாளா வரல.

— வேல இருந்திருக்கும்.

— வேல ஒன்னும் இல்ல மாமா. அதத் தொட்டா அம்மா மூஞ்சி தெரியும், அதான். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொத நாள் எடுத்தது, அங்கேந்து அம்மா திரும்பி வரல. இன்னிவரைக்கும் நான் பாக்கவே இல்ல. எடுத்தப்பகூட யாரும் பாக்கல. வெக்கமா இருக்குன்னு அம்மா எல்லாரையும் வெளிய போகச் சொல்லிட்டாங்க. போன முக்காலியில நிக்க வெச்சுட்டு சசியும் வந்துட்டான்.

— ஒங்கம்மா, பஞ்சாலக்கா, அப்படித்தான். விடிகாலையில பேரு கூப்புடுற பெரட்டுக்களத்துல அத்தன பேரு முன்னால தொரைய நிக்க வெச்சு கேள்வி கேக்கும். ஒரு போட்டா எடுக்கணும்னா முந்தானையில மூஞ்சிய மூடிக்கும்.

— பேசாம இருங்க மாமா. எங்க கம்ப்யூட்டர் கடையில அழிஞ்சத மீட்கப் போடுற சாப்ட்வேர் பையில இருக்கு, தேடிப் பாக்கறேன்.

— கெடைக்குமா?

— பழைய ஹார்ட்டிஸ்கா இருந்தா, அழிச்சாலும் அடியில கெடக்கும், தோண்டி எடுத்துடலாம். மெதுவா ஓடுதுன்னு போன வருசம் நான்தான் எஸ்எஸ்டி மாத்திக் குடுத்தேன். இது, அழிச்சத அதுவே உள்ள தொடச்சு வெச்சிடும். கொஞ்ச நேரம் ஓடட்டும்.

— தண்ணி குடிக்கிறியா? பசியாறிட்டு வந்தியா?

— ஒன்னும் எறங்காது மாமா. மணி என்ன?

— மூனே முக்கால்.

— அஞ்சு மணிக்குள்ள லாயர் சார் கையில இருக்கணும். திங்கக்கெழம கேசு.

— பேரு வருது பாரு தாயி. அக்கா பேரு.

— பேரு மட்டுந்தான் மாமா வருது. உள்ள தொறந்து பாருங்க, மொத்தம் சைபர். இன்னும் கீழ போங்க, அங்கயும் சைபர். பதினாறு ஜிபிக்கும் சைபர். ஹபிஸ். எல்லாம் முடிஞ்சு போச்சு.

— ஒன்னுமே வராதா? நல்லா பாத்தியா?

— ஒன்னுமே வராது. என் அம்மா கொரல்கூட வராது.

— வெண்ண தெரண்டு வர்றப்ப தாழி ஒடஞ்ச கதையாப் போச்சு.

— என்னா கதை? முப்பத்தெட்டு வீடு மாமா! தோட்டத்த வாங்குனவன் லயத்து வீடெல்லாம் இடிக்க மிசினோட நிக்கிறான். ரெண்டாயிரத்து நாலுல எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க, சொல்றப்ப காலி பண்றோம்னு கைநாட்டு வெச்சாங்கன்னு ஒரு கடுதாசியக் காட்டுறான். வெச்ச பெருசுங்க எல்லாம் போயாச்சு. அந்தக் கடுதாசி எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்ச ஒரே ஆளு எங்கம்மா. கேமரா வைங்க, முழுசா சொல்றேன்னு லாயர் கிட்ட அவங்களாத்தான் சொன்னாங்க.

— தெரியும் தாயி.

— படுத்த படுக்கையா கெடக்குற மனுசன வெச்சுக்கிட்டு மங்கம்மா அத்த எங்க போவாங்க? சிரம்பான்ல ஒரு ரூம்பு என்ன வாடகன்னு தெரியுமா? இருங்க, லாயரே கூப்புடுறாரு. ஹலோ, கிருபானந்தன் சார்... ஆமா சார், கோயில்லதான் இருக்கேன்... இல்ல சார், அனுப்பல... அது... சார், அது அழிஞ்சு போச்சு... வேற காப்பி இல்ல சார்... பாத்தாச்சு சார், அதயும் பாத்தாச்சு... மன்னிச்சிடுங்க சார்.

— என்ன சொன்னாரு?

— வேற காப்பி இல்லையான்னு திரும்பத் திரும்பக் கேட்டாரு. அப்புறம், அது இல்லாம கேசு நிக்காதும்மா, ஆளுங்க கிட்ட சொல்லி வைங்கன்னாரு.

— அக்கினி மிதிச்ச கால்தான் இது. முப்பத்தெட்டு வீட்டுப் படியேறி இத எப்படி தாயி சொல்றது?

— மாமா, கேளுங்க. நீங்க அழிச்சீங்கன்னு யாருகிட்டயும் சொல்ல வேணாம். நான்தான் தெரியாம அழிச்சிட்டேன்னு சொல்லிடறேன்.

— நீயா? என்ன தாயி பேசற?

— நான் சிரம்பான்ல இருக்கேன். திட்டுனா திட்டிட்டுப் போறாங்க. நீங்க இவங்களோட இருக்கணும். சாமிய அழிக்க மனசு வரல, அதான் பண்ணுனீங்கன்னு சொன்னா யாரு கேப்பா? லயத்துல இருக்குற குணாளன் கைய ஓங்கிட்டு வருவான்.

— வேணாம்.

— எங்கப்பா செத்தப்ப கொள்ளிக்கொடம் ஒடைக்கற வரைக்கும் நீங்கதான் கூட நின்னீங்க. நான் கம்ப்யூட்டர் படிக்கணும்னு காலேஜ் பாரம் வாங்கிட்டு வந்தது நீங்க. ஒரு வாட்டி உங்களுக்காக நான் பழி ஏத்துக்கறேன், போகட்டும்.

— அப்படியெல்லாம் பேசாத தாயி. கேக்க முடியல.

— வெளிய லயத்து ஆளுங்க சேதி கேக்க வந்துட்டாங்க. புனிதன் அண்ணன் கொரல் கேக்குது. கண்ணத் தொடச்சிக்குங்க. நான் மொதல்ல போயி சொல்லிடறேன்.

— போவாத. கதவத் தொறக்காத.

— எப்பயாச்சும் சொல்லித்தானே ஆவணும் மாமா.

— அந்த வீடியோவ நான் பாத்தேன்.

— எப்ப?

— இன்னிக்குக் காலையில. நீ போன் பண்ணி வெச்சதும். ஒரு மணி நேரம், மொத்தமும் பாத்தேன். அப்புறந்தான் அழிச்சேன்.

— பாத்தீங்களா? முழுசாவா? ஐயோ மாமா, இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா! அப்போ நீங்களே சாட்சி சொல்லலாம்லா. நான் இப்பவே லாயர் சாருக்குக் கூப்புடுறேன். கடுதாசியப் பத்திச் சொன்னாங்களா? யாரு வந்து கைநாட்டு வாங்குனதுன்னு அம்மா பேரு சொன்னாங்களா?

— தண்ணிக் கொழாய் போடுறதுக்குன்னு பொய் சொல்லி, ஆளுங்கள மேய்க்கிற ஒரு மண்டோர் வேலைக்காக, வீடு வீடா ஏறி எறங்கி வாங்குனது நான்தான் தாயி.