ஏழாம் நம்பர் ஒட்டு

— தேறிடுச்சுன்னு கையெழுத்து போட மாட்டேன் மாமா. நீங்க எத்தன தடவ கேட்டாலும் இதான் பதில்.

— மெதுவா பேசும்மா. வெளிய இருபத்திரண்டு பேர் காத தீட்டிக்கிட்டு நிக்கிறாங்க. லாரிக்காரன் வேற வந்தாச்சு.

— கதவச் சாத்திட்டுத்தான் பேசுறேன்.

— ஸ்தோத்திரம். சரி, உக்காரு. அந்த எக்ஸ்ரே பிலிம இன்னொரு தடவ காட்டு.

— லைட்டுக்கு நேரா புடிங்க. பாய்லரோட கீழ் மூடியச் சுத்தி வர்ற வெல்டிங் ஒட்டு இது. இங்க பாருங்க, என் நகத்துக்குப் பக்கத்துல. கறுப்புப் புள்ளியா, வரிசையா ஏழெட்டு ஓட்டை.

— கடுகளவு இருக்கு. இதுக்குப் போயா?

— விசுவாசம் கடுகளவு இருந்தா போதும் மாமா. ஓட்டைக்கு அந்தச் சலுகை கிடையாது.

— வாய் மட்டும் கொறையல உனக்கு. தூசியா இருக்கும்மா. பிலிம கழுவுறப்ப விழுந்திருக்கும்.

— நானும் அப்படித்தான் நெனச்சேன். அதான் மூணு தடவ படம் எடுத்தேன். மூணுலயும் அதே எடம்.

— மத்த ஒட்டுக்கெல்லாம் ஒரு தடவ, இதுக்கு மட்டும் மூணா?

— ஆமா. இதுக்கு மட்டும் மூணு.

— தண்ணி ரொப்பி அழுத்தம் குடுத்துப் பாத்துடலாம். கசியலன்னா அனுப்பிடலாம்.

— கசியாது. அது எனக்கும் தெரியும். அது பச்சத் தண்ணி, அரை மணி நேரம். ஆஸ்பத்திரிக்குப் போனா நீராவி. தெனமும் சூடாகும், ஆறும், சூடாகும், ஆறும். இந்தப் புள்ளியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கை கோத்துக்க எத்தன நாள் ஆகும்னு நெனைக்கிறீங்க?

— காலையில எல்லாருமா அது மேல கை வச்சு ஜெபம் பண்ணோம். நீயும்தான் வச்ச.

— வச்சேன். என்ன ஜெபம் பண்ணேன் தெரியுமா? என் கண்ண நல்லா தெறந்து விடும் ஆண்டவரேன்னு. தெறந்து விட்டாரு, பாத்துட்டேன். பாத்ததுக்கு அப்புறமும் மிச்சத்த நீரே பாத்துக்கும்னு அவர் தலையில கட்டுறது என்ன நியாயம் மாமா?

— உன் புருஷன் ஆஸ்பத்திரியில புது பாய்லருக்குக் குழாயெல்லாம் மாட்டி வச்சுட்டு உக்காந்திருக்கான். பழைய பாய்லர் படுத்து நாலு நாளாச்சாம். சலவைக்கூடத்துல துணி மலையா குவிஞ்சு கெடக்காம். ஆபரேஷன் துணிய வெளுக்கக்கூட வழியில்லன்னு போன்ல கத்துறான். அதுவும் உயிர் சமாச்சாரம்தானே?

— உயிர் சமாச்சாரம்தான், இல்லன்னு சொல்லல. அளவெடுக்கப் போனப்ப நான் அந்த எடத்தப் பாத்தேன் மாமா. பாய்லர் ரூமுக்கும் துணி மடிக்கிற எடத்துக்கும் நடுவுல ஒத்தச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் எட்டு பொம்பளைங்க. அதுல ஒரு அக்கா சுவரோட ஒட்டி முக்காலி போட்டு வச்சிருக்காங்க. முட்டி வலியாம், சூடு பட்டா இதமா இருக்காம். இந்த ஒட்டு விட்டுச்சுன்னா முதல்ல போறது அந்த முக்காலிதான்.

— பத்து மணிக்குப் போதகரும் மூப்பர்களும் வராங்கம்மா. நானே வாய் விட்டுக் கூப்பிட்டேன்.

— பாய்லருக்கு ஜெபம் பண்ணத்தானே? ஒரு நாள் கழிச்சுப் பண்ணட்டும், ஆண்டவர் எங்கயும் போயிட மாட்டாரு.

— உனக்கென்ன, சுலபமாச் சொல்லிட்ட. இருபத்தெட்டு வருஷமா இந்தப் பட்டறையிலேருந்து போன பாய்லர் ஒண்ணுகூட திரும்பி வந்ததில்லன்னு சபையில மார் தட்டிச் சொல்லியிருக்கேன். இன்னிக்கு அவங்க முன்னாடி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?

— தேறாதத வெளிய விடல, அதனால எதுவும் திரும்பி வரல. அந்தப் பெருமை எனக்கும்தான் இருக்கு. கல்யாணம் ஆன புதுசுல, சம்பந்தி என்ன பண்றாருன்னு கேட்டவங்ககிட்ட எங்கம்மா ‘சபையில மூப்பர்’னு சொல்லுவாங்க. நான் குறுக்க புகுந்து ‘வெல்டர்’னு சொல்லுவேன்.

— வெல்டர்னா சொல்லுவ?

— வெல்டர்னுதான். மூப்பருங்க ஆறு பேரு இருக்காங்க.

— அண்ணே, கதவத் தட்டினேன், காதுல விழல போல. பாய்லர ஏத்தலாமா வேணாமா? வெயில் ஏறுது.

— கொஞ்சம் இரு தம்பி.

— அக்கா மொகத்தப் பாத்தா இன்னிக்கு லோடு இருக்காது போலயே.

— டிரைவர் தம்பி, போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. அப்படியே இன்னொண்ணும் குடிங்க.

— அப்ப இல்லதான். சரிக்கா.

— போற போக்குல கதவச் சாத்திட்டுப் போங்க.

— ஊருக்கே தெரிஞ்சு போச்சு, பாத்தியா? சரிம்மா, நான் ஒண்ணு சொல்றேன். யாரோ செஞ்சிருக்கான். மனுஷன்தானே, கை தவறியிருக்கும். சத்தமில்லாம அறுத்துட்டு வேற ஆள விட்டுப் புதுசா போட்டுடலாம். பேரு வெளிய வர வேணாம்.

— பேரு எதுக்கு? நம்பர்தான் ஒட்டுப் பக்கத்துலயே குத்தியிருக்கே. பத்த வச்சவன் தன் நம்பர அங்கயே இரும்புல குத்தணும், அதானே நம்ம பட்டறை வழக்கம்.

— என்ன நம்பர்?

— ஏழு.

— ம்.

— ரிஜிஸ்டரப் புரட்டிப் பாத்தேன். ஒண்ணுலேருந்து இருபத்திமூணு வரைக்கும் ஆள் இருக்கு. ஏழுக்கு நேரா மட்டும் வெறும் கோடு. இந்த ஒட்டு பதினாலாம் நம்பர் அண்ணன் போட வேண்டியது. அவரு சனிக்கிழமை மத்தியானமே பொண்டாட்டிக்கு வலி எடுத்துடுச்சுன்னு ஓடிட்டாரு.

— பொம்பளப் புள்ள. ரெண்டேமுக்கால் கிலோ. ஸ்தோத்திரம்.

— ஸ்தோத்திரம். அப்ப இந்த ஏழு யாரு மாமா?

— விட்டுடேம்மா.

— விட முடியாதே. தேறாத ஒட்டப் போட்டவனே அறுக்கணும், எல்லாரும் சுத்தி நின்னு பாக்கணும். போன வருஷம் மூணாம் நம்பர் அண்ணன் அழுதுக்கிட்டே அறுத்தாரு. அவருக்கு ஒரு நியாயம், ஏழுக்கு ஒரு நியாயமா?

— அந்த வழக்கத்த யாரு கொண்டாந்தது?

— நீங்க.

— நாந்தான். எனக்குன்னு ஒரு நாள் வரும்னு நெனச்சுப் பாக்காம கொண்டாந்துட்டேன். அந்த டிராயரத் தெற. பைபிளுக்குக் கீழ ஒரு துணிப் பொட்டலம் இருக்கும், எடு.

— பிரிக்கவா?

— பிரி.

— நம்பர் குத்துற அச்சு. ஏழு.

— பதினெட்டு வயசுல முதல் வேலையில குடுத்த நம்பர். பட்டறை ஆரம்பிச்சப்ப இத வேற யாருக்கும் குடுக்க மனசு வரல. சனிக்கிழமை எல்லாரும் போயிட்டாங்க, மூடி அரைகுறையா நிக்குது. கடைசியா ஒண்ணு நம்ம கையால போட்டுடணும்னு ஆசை. கண்ணாடி விரிசல் விட்ட என் பழைய முகமூடிய மாட்டினேன் பாரு, கை அந்தக் காலத்து மாதிரியே ஓடுச்சும்மா. பாட்டெல்லாம் வந்துச்சு. முடிச்சுட்டு அங்கயே மண்டி போட்டு நன்றி சொன்னேன். அவ்வளவு அழகா இருந்துச்சு.

— இப்பவும் அழகாத்தான் இருக்கு. அந்த மாதிரி வரிசையா நம்ம ஆளுங்க யாருக்கும் வராது.

— மேல அழகா இருந்து என்ன பிரயோஜனம். உள்ள தேறலையே.

— கடைசியான்னு ஏன் சொன்னீங்க?

— அத அப்புறம் சொல்றேன். ஏழு நாந்தான்னு உனக்கு முன்னமே தெரியுமா? நீ ஒண்ணும் அதிர்ச்சி ஆன மாதிரி தெரியலயே.

— நேத்து சபையில நீங்க கண்ணத் தொடச்சுக்கிட்டே இருந்தீங்க. பின்னாடி வரிசையில அத்தைங்க எல்லாம், மூப்பர் எப்படி உருகி ஜெபம் பண்றாரு பாருன்னு என் முதுகச் சொரண்டினாங்க. எனக்குத் தெரியாதா, வெல்டிங் வெளிச்சம் பட்ட கண்ணு எப்படிச் சிவக்கும்னு? வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணிய கண்ணுல போட்டுக்கிட்டுப் படுத்தீங்களே.

— சாட்சியே சொல்லச் சொன்னாங்கம்மா. நல்ல வேளை, தொண்ட கட்டியிருக்குன்னு தப்பிச்சேன்.

— சிரிக்க வைக்காதீங்க மாமா. முதல் படத்துல அந்தப் புள்ளியப் பாத்தேன். என் கண்ணுதான் தப்புன்னு இருக்கணும் ஆண்டவரேன்னு வேண்டிக்கிட்டே ரெண்டாவது எடுத்தேன். மூணாவது எடுக்குறப்ப ஜெபமே வரல, அழுகதான் வந்துச்சு.

— என் ஒட்டுன்னு தெரிஞ்சுமா கையெழுத்து போட மாட்டேன்ன?

— உங்க ஒட்டுன்னு தெரிஞ்சுதான். வாசல்ல வசனம் எழுதி வச்சிருக்கோம், அது கஸ்டமர் பாக்குறதுக்கு. அந்த முக்காலி அக்கா வசனத்தப் படிக்கப் போறதில்ல மாமா, முதுகச் சாய்ச்சு உக்காரப் போறாங்க. அவங்களுக்கு நாம சொல்ற வசனம் இந்த ஒட்டுதான். அதுல உங்க நம்பரப் போட்டு, உள்ள ஓட்டையோட அனுப்ப எனக்கு மனசு வருமா?

— சிவப்புப் பேனாவ எடு.

— மாமா…

— எடும்மா. ‘தேறல’ன்னு எழுது. ஏழுன்னு தெளிவா எழுது, கிறுக்காத. உன் கையெழுத்தப் போட்டுட்டு இங்க தள்ளு, கீழ நானும் போடுறேன். கிரைண்டர எடுத்து வைக்கச் சொல்லு. நானே அறுக்குறேன்.

— திரும்ப யாரு போடுறது?

— பதினேழாம் நம்பர்காரன் போடட்டும், அவன் கண்ணு நல்லா இருக்கு. போட்டதும் நீ படம் எடு. மூணு வேணாம், ஒண்ணு போதும்.

— ஆஸ்பத்திரிக்கு நான் போன் பண்றேன். நாளைக்குச் சாயங்காலம் பாய்லர் வந்துடும், அதுவரைக்கும் ஆபரேஷன் துணிய வந்திருக்கிற லாரியில ஏத்தி வேற எடத்துல வெளுத்துக் குடுக்குறோம்னு சொல்லிடுறேன். டிரைவருக்கு லோடு கெடச்ச மாதிரியும் ஆச்சு.

— இது எனக்குத் தோணலையே. சொல்லிடு.

— கார் சத்தம் கேக்குது மாமா. மூப்பர்கள் வந்துட்டாங்க. நீங்க அறுக்குறத அவங்க பாக்க வேணாம், நான் ஆபீஸ்ல உக்கார வச்சுப் பேச்சு குடுத்துக்கிட்டு இருக்கேன். பாய்லர் எங்கன்னு கேட்டா ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்குறேன்.

— ஒண்ணையும் சமாளிக்க வேணாம். இருபத்திரண்டு பேரோட அவங்களும் நின்னு பாக்கட்டும். நீ போய் கையில இருக்கிற மையக் கழுவிட்டு, அந்த ஏழாம் நம்பர் அச்ச எடுத்துக்கிட்டு என் பக்கத்துல வந்து நில்லு. உன் புருஷனும் நானும் பேசி முடிச்சு ஒரு மாசம் ஆச்சு. அவங்க பாய்லருக்கு ஜெபம் பண்ண வரலம்மா. இந்தப் பட்டறைய இன்னிக்கு உன் பொறுப்புல ஒப்படைக்கிறோம், உன் தலை மேல கை வச்சு ஜெபம் பண்ண வந்திருக்காங்க.